எதிர்வாசல் காப்பி

மிளகாய் வத்தல் வரத்து உச்சத்தில் இருந்த பங்குனி மாதத்தில், தெருவுக்குள் நுழைகிறவர்கள் எல்லாம் தும்மிக்கொண்டே நுழைந்து தும்மிக்கொண்டே வெளியேறிய ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஆலங்கரிசல் ஊரின் கிட்டங்கித் தெருவில், ஒருவர் தின்றதன் குணம் அவர் மனசுக்குப் போகாமல் எதிர்வீட்டுக்காரர் மனசுக்குப் போக ஆரம்பித்தது. ருசி தின்றவர் நாக்கிலேயே இருந்தது, வயிறு தின்றவருக்கே நிறைந்தது, ஏப்பமும் அவருக்கே வந்தது; காப்பியின் சுறுசுறுப்பும் காரத்தின் குதூகலமும் சாதிக்காயின் உறக்கமும் மட்டும் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, நேர் எதிரே இருந்த வாசலுக்குள் போய் அங்கே யார் இருந்தார்களோ அவர்களைப் பிடித்துக்கொண்டன. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் பங்கு பிரிந்தது.

முதலில் அகப்பட்டவர் கொத்தமல்லி புரோக்கர் தவசிக்கண்ணு. விடியலில் கருப்பட்டிக் காப்பியை ஒரு பெரிய லோட்டா நிறையக் குடித்தால்தான் அவருக்குக் கண் திறக்கும், அன்றைக்கு அந்த லோட்டாவைக் குடித்துவிட்டுக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் மறுபடி தூங்கிப்போனார். எதிர்வீட்டில் இருந்த ஜெயமலர், மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர், நெஞ்செரிச்சலுக்குப் பயந்து காப்பியைத் தொட்டுப் பல வருஷம் ஆனவர், நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்து, வெயில் ஏறுவதற்குள் வீட்டிலிருந்த பாத்திரம் பூராவையும் துலக்கி, பரீட்சைப் பேப்பர் கட்டு முழுவதையும் திருத்தி, அதுவும் போதாமல் வாசலில் யாரும் கேட்காத அளவுக்குப் பெரிய கோலம் ஒன்றைப் போட்டு முடித்திருந்தார்.

மத்தியானத்துக்குள் விஷயம் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. சரக்கு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற பெண்கள் அவர்கள். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை உட்கார்ந்து, நடுவில் மலையாகக் குவிந்து கிடக்கும் வத்தலை ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துப்போட்டுக் கிள்ளிக்கொண்டே ஊர்க்கதை பூராவையும் அலசுகிறவர்கள். யார் வீட்டில் யாருக்கு எப்போது சிரிப்பு வந்தது, யார் காரணமில்லாமல் கொட்டாவி விட்டது, அந்த நேரத்துக்கு எதிர்வீட்டில் என்ன அடுப்பில் இருந்தது என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேசிக் கோர்த்தபோது கணக்கு பிசகாமல் நின்றது. வாசலுக்கு நேர் எதிர் வாசல், அவ்வளவுதான் சட்டம்.

சாயங்காலம் ஜெயமலர் டீச்சர் அந்தப் பக்கம் வந்தபோது அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"ஏம் டீச்சர், காப்பியில அப்படி என்னதான் கெடக்கு?" என்று கேட்டாள் வடிவு. செண்பகவடிவு என்பது முழுப்பெயர். காம்பு கிள்ளுவதில் தெருவிலேயே வேகமான கை அவளுக்கு, வாய் அதைவிட வேகம்.

"காப்பிச்செடி அதை நமக்காகப் பண்ணலக்கா. தன்னைப் பூச்சி திங்கக்கூடாதுன்னு தனக்குன்னு ஒரு மருந்தைச் சேத்து வச்சிருக்கு. மொளகாயும் அப்பிடித்தான், ஆடு மாடு கடிக்கக்கூடாதுன்னு காரத்தை வச்சிருக்கு. அது நம்ம நாக்குல பட்டதும் ஒடம்பு தீப்புடிச்சிருச்சுன்னு நெனச்சுப் பதறும். பதறி, மண்டைக்குள்ள வலிக்கு மருந்து ஊத்தும். காரம் தின்ன பெறகு வேர்த்து ஒழுகி, கொஞ்ச நேரத்துல காரணமில்லாம ஒரு சந்தோசம் வருதில்ல, அது அந்த மருந்து."

"சரி, அது ஏன் தெருவைத் தாண்டுது?"

டீச்சர் குவியலிலிருந்து ஒரு வத்தலை எடுத்துக் காட்டினார். "எங்கயோ காட்டுல நிக்கிற செடி, நம்மள ஒரு தடவ கூடப் பாத்தது கிடையாது, அது தன் பாட்டுக்குப் பண்ணின ஒண்ணு நம்ம மனசு வரைக்கும் வந்து கதவத் தட்டுதே. அந்தத் தூரம்தான்க்கா பெருசு. அதுக்குப் பெறகு தெருவைத் தாண்டுறது என்ன, ரெண்டு எட்டு."

பெண்கள் கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த வத்தலைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த நெடியில் கிடந்தவர்கள், அதை மூட்டை மூட்டையாகத் தூக்கிப் பார்த்தவர்கள், அன்றைக்குத்தான் முதன்முதலாக அதற்குள் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார்கள், நினைத்ததும் எல்லாருக்கும் மயிர்க்கால் சிலிர்த்தது. பிறகு நேரமாகிவிட்டதென்று மறுபடி கிள்ளினார்கள்.

தெரு இதைப் பழக்கிக்கொள்ள ரொம்ப நாள் எடுக்கவில்லை. தவசிக்கண்ணு எழுந்து சந்தைக்குப் போகவேண்டிய நேரத்துக்கு ஜெயமலர் டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு காப்பி குடித்தார். டீச்சருக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குத் தவசிக்கண்ணு இரண்டாவது லோட்டாவைக் குடித்தார். தூக்கம் வராத மாவுமில்காரருக்காக எதிர்வீட்டு மருமகள் பாலில் சாதிக்காயை இழைத்துக் குடித்துவிட்டுத் தான் முழித்துக் கிடந்தாள், அவள் தூங்கவேண்டுமே என்று மில்காரர் மனைவி கசகசாப் பாயசம் வைத்துக் குடித்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, "அண்ணாச்சி, ஒரு பத்து நாளைக்குச் சாயங்காலம் டீயை விட்றாதீக" என்று கெஞ்சினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் எதிர்வீட்டில் என்ன சமையல் என்று விசாரித்தார்கள். சண்டைக்காரர்கள் சிலர் வேண்டுமென்றே உப்புச்சப்பில்லாத கஞ்சியாகக் குடித்து எதிரியின் வீட்டைச் சோர்ந்துபோக வைத்தார்கள், ஆனால் எதிரியும் அதே கஞ்சியைக் குடித்துப் பதில் கொடுத்ததால் மூன்றாம் நாளே இரண்டு பக்கமும் வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் போட்டுத் தாளிக்கிற வாசனை வந்தது. சாராயத்தின் போதை மட்டும் தாண்டவில்லை, குடித்தவனோடேயே தங்கிவிட்டது. பெண்கள் அதை ஒரு பெரிய குறையாகவே சொன்னார்கள்.

எல்லாரையும்விடக் கஷ்டப்பட்டுப்போனவர் முட்டை வியாபாரி குருவையா. அவர் வாசலுக்கு நேர் எதிரில் மாரியம்மன் கோயில் சன்னதி. பல் விளக்காமல் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதிக்கிற ஆள், இப்போது தான் தின்பதெல்லாம் அம்மன் மனசில் போய் இறங்குகிறது என்று தெரிந்ததும் வெலவெலத்துப்போய், குளித்து முழுகி ஈர வேட்டியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கவளத்தையும் யோசித்து யோசித்துத் தின்றார். ஒருமுறை பல்வலியில் இரண்டு நாள் வெறுங்கஞ்சி குடித்தபோது அம்மன் முகம் வாடியிருக்கிறதென்று தெருவே அவர் வீட்டு முன்னால் வந்து நின்றது. கோயிலில் படைக்கிற பானகமும் மாவிளக்கும் பொங்கலும் பதிலுக்கு அவரிடம் வந்தன; விசேஷ நாட்களில் அவர் காரணம் சொல்லத்தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணீர் வடித்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம், "ஒண்ணுமில்ல, ரொம்பப் பெருசா இருக்கு, எனக்குள்ள கொள்ளல" என்றார்.

இப்படித் தெருவில் எல்லார் வீட்டுக்கும் எதிர்வீட்டிலிருந்து ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது. வடிவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

அவள் வாசலுக்கு எதிரே வாசல் இல்லை. முன்பு இருந்தது. அது ராஜகனியின் வீடு. இரண்டு பேரும் கிட்டங்கியில் எதிரெதிராக உட்கார்ந்து காம்பு கிள்ளியவர்கள், மத்தியானம் ஒருத்தி தூக்குவாளியில் பழைய சோறும் இன்னொருத்தி எண்ணெயில் வறுத்த உருண்டை முண்டு வத்தலும் கொண்டுவந்து ஒரே தட்டில் தின்றவர்கள். ராஜகனியின் புருஷன் கிட்டங்கியில் தராசு பிடித்தவர், நின்றுகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்தார். அந்த வருஷமே வடிவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கிட்டத்தட்ட முடிந்திருந்த சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் வாசல் தெளிக்க வடிவு கதவைத் திறந்த நேரத்தில் ராஜகனியும் வாளியோடு கதவைத் திறந்தாள், இரவெல்லாம் அழுத ஆத்திரத்தில் வடிவு தெருவே கேட்கச் சொன்னாள்: "விடிஞ்சு கதவத் தெறந்தா ஓம் மூஞ்சி. தாலியறுத்தவ மூஞ்சியில தெனமும் முழிச்சா எம்பிள்ளைக்கு எப்பிடி வெளங்கும்?"

ராஜகனி தெளிக்க வந்த தண்ணீரைத் தெளித்து முடித்தாள், வாளியைக் கவிழ்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த வாரம் கொத்தனார் வந்து அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார், பின்பக்கம் காட்டைப் பார்த்து ஒரு புது வாசல் வைத்துக் கொடுத்தார். வடிவின் மகளுக்கு அடுத்த தையிலேயே மதுரையில் நல்ல இடம் அமைந்து, அவள் இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள். சொன்ன சொல் மட்டும் தெருவின் நடுவில் அப்படியே கிடந்தது, அதைத் தாண்டிப் போய்ப் பேச வடிவுக்கு வாயும் வரவில்லை, காலும் வரவில்லை.

இப்போது அவள் குடிக்கிற காப்பி நாக்குக்குக் காப்பியாகத்தான் இருந்தது, குடித்த பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வத்தலைக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குப் பிறகு வரவேண்டிய அந்த லேசு வரவில்லை. சுக்குத் தண்ணீர் குடித்தாலும், மகள் வாங்கியனுப்பிய சாக்லேட்டைத் தின்றாலும், எல்லாம் தொண்டை வரைக்கும்தான். லாரி ஓட்டுகிற புருஷன் குண்டூர் லோடு இறக்கிவிட்டு வந்து இரண்டு நாள் தங்கும்போது அவரும் காரணம் தெரியாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, லாரியில் ஏறித் தெருமுனை தாண்டியதும் விசில் அடித்தார். ஒரு நாளில் எத்தனை தடவை ஒரு இலையோ ஒரு விதையோ ஒரு காயோ வந்து மனுஷரை ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டுப் போகிறது என்பது, அது நின்றுபோன பிறகுதான் வடிவுக்குத் தெரிந்தது. அவளுக்குத் துக்கம் என்று ஒன்றும் இல்லை, சந்தோஷமும் இல்லை, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லை. கிட்டங்கியில் அவள் வாய் ஓய்ந்துபோனது, அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பயந்தார்கள்.

அவள் தின்றதெல்லாம் எங்கே போனது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு குட்டிபோட்ட நாய். ராஜகனி வீட்டின் அடைத்த வாசலில், பூச்சு மேல் முதுகை ஒட்டிவைத்து அது நாள் முழுக்கச் சுகமாகக் கிடந்தது. பிறகு மூட்டை தூக்குகிறவர் ஒருவர் களைப்பாற அந்தச் சுவரில் சாய்ந்தார், சாய்ந்த கொஞ்ச நேரத்தில் தன்னையறியாமல் பாட ஆரம்பித்தார். தொட்டுப் பார்த்தால் சுவர் சுட்டது. காலையில் காப்பி வாசம் அடித்தது, மத்தியானம் உள்ளங்கை வைத்தால் வேர்த்தது. உள்ளே போக வாசல் இல்லாமல் வடிவின் காப்பியும் காரமும் சுக்கும் வெங்காயமும் செங்கல்லுக்குள்ளேயே தங்கித் தங்கிக் கனிந்துகொண்டிருந்தன.

அதன் பிறகு கூட்டத்துக்குக் கேட்கவேண்டுமா. மனசு சரியில்லாதவர்கள், மகன் வெளிநாடு போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், சும்மாவே சலிப்பாக இருந்தவர்கள் என்று பக்கத்துத் தெருவிலிருந்தும் பஸ் ஏறி வெளியூரிலிருந்தும் வந்து, வரிசையில் நின்று, முறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினார்கள். திறக்கும்போது முகம் தெளிந்திருந்தது. யாரோ மஞ்சள் பூசினார்கள், யாரோ பூச்சரம் சாத்தினார்கள். வடிவிடம் வந்து, "மதினி, நாளைக்கு எம் மருமகளைக் கூட்டியாரேன், பிள்ள பெத்ததுலருந்து பித்துப்புடிச்ச மாதிரி இருக்கா, கொஞ்சம் காரஞ்சாரமா வச்சுத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் வைத்துத் தின்றாள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து, முதலில் அழுது, பிறகு தன் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டதைத் தன் வாசலில் இருந்தே பார்த்தாள், அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவள் அறிவுக்குத் தெரிந்தது. மனசுக்குத்தான் எட்டவில்லை.

பால்காரப் பெண் ஒருநாள் பாலை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "ராஜகனி யக்கா பாலை நிப்பாட்டிட்டாக. எந்திரிக்கவே மாட்டேங்காக. என்னக்கான்னு கேட்டா, எதத் தின்னாலும் ஒண்ணும் ஏறமாட்டேங்கு, பெறகு எதுக்குத் திங்கணுங்காக. பாவம், துணியாட்டம் கெடக்காக."

வடிவு பால் சொம்பைக் கீழே வைத்தாள். ராஜகனியின் பின்வாசலுக்கு எதிரே காடுதான் இருக்கிறது. அவள் தின்றதெல்லாம் காட்டுக்குப் போனது, முதல் சில வாரம் அங்கே கரிச்சான்குருவிகள் ஓயாமல் பாடின, இப்போது அதுவும் இல்லை. காடு அவளுக்கு என்ன தின்று எதை அனுப்பும். தெருவில் எல்லாரும் ஒருவர் கையால் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தபோது ஒன்றுமே வந்து சேராத வீடு இரண்டுதான், ஒன்றில் தான் இருக்கிறோம், இன்னொன்றில் அவள் கிடக்கிறாள், அவளுக்கு என்ன செய்கிறதென்று உலகத்தில் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று வடிவுக்குப் பட்டது. இப்படியே விட்டால் செத்துப்போவாள். யோசித்துக்கொண்டு நிற்காமல் சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனாள்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு?"

"நாந்தான். வடிவு."

"எதுக்கு வந்த? எம் மூஞ்சியில முழிச்சிரப் போற."

வடிவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சாப்பிட மாட்டேங்கியாம்."

"வாய்க்கு ருசி இருக்கு. அதுக்கங்கிட்டு ஒண்ணும் இல்ல."

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு."

காலடி கதவுப் பக்கம் வந்தது. "ஒனக்குமா?"

"பெறகு? எனக்கு எதிர்வாசல் நீதான."

கதவுக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. திறக்கப்போகிறாள் என்றே வடிவு நினைத்தாள். "போயிரு வடிவு" என்றாள் ராஜகனி, அதற்குப் பிறகு எத்தனை தடவை தட்டியும் பேசவில்லை.

வடிவு நேரே கோயில் வாசலுக்குப் போய்த் தெருப் பெரியவர்களைக் கூட்டினாள். அடைத்த வாசலைத் திறக்கவேண்டும் என்றாள். தவசிக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"செவத்த இடிச்சா இந்தச் சனம் எங்க போய்ச் சாயும்? ஒரு நாளைக்கு எத்தன பேரு வாராக, பாக்கத்தான செய்த?"

"உள்ள ஒருத்தி சாகக் கெடக்கா அண்ணாச்சி. அவளுக்குப் போகவேண்டியதைத்தான் ஊரெல்லாம் முதுகுல வாங்கிட்டுப் போகுது."

அவர்களும் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சுவரில் சாயாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை, அதனால்தான் வாய் வரவில்லை. கடைசியில் ஜெயமலர் டீச்சர்தான் பேசினார்.

"செவரு ராஜகனி அக்காவோடது. இடிக்கணும்னாலும் இருக்கணும்னாலும் அவுகதான் சொல்லணும். நாம கடப்பாரையத் தூக்கிட்டுப் போனா அதுவும் ஒரு ஏச்சுதான்க்கா. அன்னைக்கு நீங்க வாயால செஞ்சீக, இன்னைக்கு நாம கையால செய்யப்போறோம்."

வடிவுக்குச் சுருக்கென்றது. டீச்சர் சொன்னதில் தப்பு இல்லையென்பதால் இன்னும் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்தவள் ஒரு கைப்பிடி முண்டு வத்தலை எடுத்து நல்லெண்ணெயில் கருகாமல் வறுத்தாள். பழைய சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்தாள். வெயில் தாழ்ந்த அந்தச் சாயங்கால நேரத்தில் எதிர்ச்சுவரில் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டிச் சாய்ந்திருந்தார்கள், வரிசை தெருமுனை வரை நின்றது. அவள் தட்டோடு வந்து தன் வாசற்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அன்றைக்குத் தெருவே கேட்கச் சொன்ன அதே குரலை எடுத்தாள்.

"ராஜகனி, கேக்கியா. ஓம் மூஞ்சியில முழிச்சு எனக்கு ஒரு நாளும் ஒரு கெடுதலும் வந்தது கெடையாது. ஓம் புருசன் இருக்கும்போதும் வரல, போன பெறகும் வரல. ஒன்னப் பாத்துக் கதவத் தெறந்த நாள்ல எல்லாம் எனக்கு நல்லாத்தான் விடிஞ்சுச்சு. நான் சொன்னது பொய்யி. எம்பிள்ளைக்கு ஆகலங்கிற ஆங்காரத்துல, அடிச்சா திருப்பி அடிக்காதவளாப் பாத்து அடிச்சேன். தெரு கேக்கத்தான அன்னைக்குச் சொன்னேன், இன்னைக்கும் தெரு கேக்கவே சொல்லுதேன். இந்தச் சோத்தை ஒனக்காகத் திங்கேன். ஏறுனா ஏறட்டும்."

சுவரில் சாய்ந்திருந்தவர்களில் ஒரு கிழவர் கண்ணைத் திறந்தார். வடிவைப் பார்த்தார், தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார், மெல்ல முதுகை எடுத்துத் தள்ளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் எடுத்தாள். சொல்லி வைத்ததுபோல ஒவ்வொருவராக எல்லாரும் முதுகை எடுத்துக்கொண்டு தெருவின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள், வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும்கூட முனகாமல் நகர்ந்தார்கள், தவசிக்கண்ணு அங்கே படுத்திருந்த நாயையும் குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அப்பால் வைத்தார். நாள்பட்ட கூட்டம் விலகிய இடத்தில், மஞ்சள் பூசிய அந்தச் சுவர் யார் முதுகும் படாமல் தனியாக நின்றது. வடிவு வத்தலைக் கடித்தாள். நாக்கு எரிந்தது, கண்ணும் மூக்கும் ஒழுகின, காது அடைத்தது. அதற்குப் பிறகு வழக்கம்போல ஒன்றும் இல்லை. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்று முடிக்கும்வரை கோயில் பக்கம் குருவையா தன் வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார்.

சுவர் அப்படியேதான் நின்றது. ஒரு காரை கூட உதிரவில்லை. எல்லாரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், வடிவும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இனிச் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் விடியலில் அவள் வாளியோடு கதவைத் திறந்தாள். பச்சைத் தண்ணீர் கூட இன்னும் பல்லில் படவில்லை. குனிந்து கையால் தண்ணீரை அள்ளியபோது காது மடல் சுட்டது. பிறகு உச்சந்தலை. நெற்றியில் வேர்வை பொடித்து மூக்கு நுனியில் சொட்டியது, நெஞ்சுக்குள் திகுதிகுவென்று ஏறியது, வடிவு பயந்துபோய் வாளியைப் பிடித்துக்கொண்டாள். நாக்கில் மட்டும் ஒரு காரமும் இல்லை. ஏறின சூடு மெல்ல மெல்ல அடங்க, அடங்கின இடத்திலிருந்து அது வந்தது. எத்தனையோ மாதமாக வராத அந்த லேசு, உள்ளங்காலில் இருந்து கிளம்பி, வயிற்றைக் கடந்து, நெஞ்சைத் திறந்துவிட்டு, கண் வழியாகத் தண்ணீராக வந்தது. யாரோ எங்கேயோ வத்தலைக் கடித்திருக்கிறார்கள். வடிவு சிரித்துக்கொண்டே அழுதாள், தனக்காக ஒருத்தி தின்றிருக்கிறாள் என்பதற்கு மேல் அவளால் ஒன்றும் நினைக்க முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச்சுவரில் ஆள் உயரத்தில் ஒரு செங்கல் இல்லை. அந்த ஓட்டைக்கு அந்தப்பக்கம், கையில் மிளகாய் இடிக்கிற உலக்கையோடு, முகமெல்லாம் சுண்ணாம்புப் பொடியாக, வேர்த்து, மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய் ராஜகனி நின்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்தார்கள்.

"ராத்திரி பூராம் செவரு சுட்டுச்சுடி" என்றாள் ராஜகனி. "ஒறங்கவே விடல."

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தது.

ராஜகனி இன்னொரு செங்கல்லை உலக்கையால் தள்ளினாள், அது தெருவில் விழுந்து உருண்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டு, ஓட்டை வழியாக வடிவை ஒரு பார்வை பார்த்தாள்.

"கையெல்லாம் ஓஞ்சு வருது. எனக்குக் காப்பி வேணும். போ, போயி நீ குடி."